மணல் பாதையில் ஒரு சிலுவைக் குறி

தெக்லாவுக்கு இருந்தது ஒரே மகன், ஒனுஃப்ரி. போலந்தை ஆண்ட ரஷ்ய ஜார் மன்னனின் படைக்கு ஆள் பிடிக்க வந்த அந்தப் பனிக்காலத்தில் அவன் காட்டுக்குள் ஓடிக் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து சுள்ளி பொறுக்கும் சாக்கில் தினமும் பாதை பிரியும் இடத்துச் சிலுவைக்கம்பத்தடியில்தான் நின்றாள்.

ஒரு காலையில் மணலில் மூன்று குதிரைகள் வந்தன. மூவர் மேலும் ரஷ்யச் சாம்பல் கோட்டு.

"என்னம்மா, இத்தனை சுள்ளி? ஜார் மன்னனைக் கொளுத்தவா?" என்று ஒருவன் சிரித்தான்.

"எனக்கு அடுப்பு எரிஞ்சாப் போதும் சாமி."

பேச்சு போலிஷ் பேச்சுதான். உளவாளிகளும் அப்படித்தானே பேசுவார்கள்?

தலைவனைப் போலிருந்தவன் சிலுவையைப் பார்த்ததும் தொப்பியை எடுத்து மடியில் வைத்துவிட்டுக் குறி போட்டுக்கொண்டான். கை முதலில் வலது தோளுக்குப் போனது, பிறகுதான் இடதுக்கு. ரஷ்யர்கள் போடும் விதம் அது.

"காட்டுப் பாதையா, ஆலைப் பாதையா, எதும்மா பத்திரம்?"

ஆலையில் முந்தின நாளே ஜாரின் குதிரைப்படையான கொசாக்குகள் வந்து இறங்கியிருந்தார்கள். காட்டில் ஒனுஃப்ரி இருந்தான். இவர்கள் தங்கள் ஆட்களிடமே போய்ச் சேரட்டும் என்று நினைத்தாள்.

"ஆலைப் பக்கம் போங்கய்யா. அங்க ஒரு ஈ காக்கா இல்ல."

சுள்ளிக்கட்டைச் சுமந்துகொண்டு அவள் வீடு சேர்வதற்குள் ஆலைப் பக்கம் துப்பாக்கிகள் வெடித்தன. யார் யாரைச் சுட்டார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பனி உருகிய பிறகு ஒனுஃப்ரி எலும்பும் தோலுமாக வந்தான். உருளைக்கிழங்கைச் சூட்டோடு விழுங்கியபடியே சொன்னான்:

"ரஷ்யன் கோட்டப் போட்டுட்டு வேவு பாக்கப் போன எங்க தலைவரையும் ரெண்டு பேரையும் ஆலையில சுட்டுட்டாங்கம்மா. பாவம், தலைவர் முன்னாடியே வலது கைல குண்டு பட்டு, கோட்டுக்குள்ள கட்டுப் போட்டிருந்தாரு. எல்லாம் இடது கைதான். சிலுவை போட்டா அதுவும் தலைகீழாப் போகும். 'என்ன ஐயா, ரஷ்யன் கோயில்ல சேந்துட்டீங்களா'ன்னு எவ்வளவு கேலி பண்ணுவோம்! அவங்க திரும்பி வரலன்னதும்தான் நாங்க சதுப்புக்குள்ள இறங்கித் தப்பிச்சோம்."

தெக்லா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"எந்தப் பாவி வழி காட்டினானோ!" என்றான் ஒனுஃப்ரி.

"பேசாமத் தின்னு. ஆறுது."

அதற்குப் பிறகும் அவள் வெகுகாலம் உயிரோடிருந்தாள். அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். சந்தைக்குப் போகிறவர்களோ, பிச்சைக்காரர்களோ, பாதிரியாரோ, யார் நின்று வழி கேட்டாலும் ஒரே பதில்தான்.

"எனக்குத் தெரியாதுங்க."