கோழிகளுக்குத் தெரிந்த சட்டை

விவாகரத்து ஆனால் சாமான்களைப் பிரித்துக்கொள்வதுதான் பெரிய தலைவலி என்று ஸ்ரீதேவியைப் பலரும் பயமுறுத்தியிருந்தார்கள். அது அரை நாளில் முடிந்துவிட்டது. குமரகுரு பீரோவையும் பைக்கையும் எடுத்துக்கொண்டு பள்ளிபாளையம் போய்ச் சேர்ந்தான். புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணை அவள் அப்பா விட்டுப்போனது, அதனால் அது அவளுக்கு. ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கஷ்டம் என்னவென்றால் இரண்டுமே உண்மை.

மறுநாள் காலை பூப்போட்ட நைட்டியில், தீவன வாளியோடு ஷெட்டுக்குள் நுழைந்தாள். அவ்வளவுதான். ஷெட்டே அலறியது. கோழிகள் கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. இத்தனை வருஷமும் உள்ளே போய்த் தீவனம் போட்டவன் குமரகுரு. அவனுடைய நீலக்கட்டம் போட்ட சட்டை ஒன்றுதான் அதுகளுக்குத் தெரிந்த மனுஷன். முட்டைக்கோழி பயந்தால் முட்டை நின்றுவிடும். ஒரே வாரத்தில் முட்டை பாதியாகக் குறைந்தது.

"பண்ணையக் குடுத்துப்போட்டு எங்கூட வந்து இரு சாமி" என்று சேந்தமங்கலத்திலிருந்து அண்ணன் போன் போட்டான். அண்ணி தட்டு வைக்கும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு காலம் தள்ளுவதை நினைத்ததுமே ஸ்ரீதேவி "வேண்டாண்ணா" என்று போனை வைத்துவிட்டாள். பண்ணை நின்றால்தான் அவள் தன் காலில் நிற்க முடியும்.

ஷெட்டுக் கதவின் ஆணியில் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மறந்து விட்டுப்போயிருந்தான். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அதை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கோழிகள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சமர்த்தாகத் தீவனத்தைக் கொத்தின.

"கோர்ட்டே வெட்டிவிட்ட ஆளு, உங்களுக்கு மட்டும் வேணுமாக்கும்?" என்று கோழிகளைக் கேட்டாள்.

அன்றிலிருந்து தினமும் சட்டையும் பேச்சும்தான். வக்கீல் கேட்ட கேள்வி, சமாதானம் பேச வந்தவர்கள் காலி செய்த முறுக்கு, எல்லாம் கோழிகளுக்கு ஒப்பிக்கப்பட்டது. முட்டை பழையபடி ஏறியது.

பக்கத்துத் தோட்டத்து முத்தாயம்மாள்தான் ஒருநாள் பிடித்துக்கொண்டாள். "ஏஞ்சாமி, அவனையேதான் நெனச்சுட்டு இருக்கறயா? சட்டையக்கூடக் கழட்ட மாட்டீங்கறயே!"

"ஐயோ அத்தை, கோழிக்காகப் போட்டிருக்கறனுங்க!"

"ஆமாமா, கோழிக்கு" என்று சிரித்துக்கொண்டே போனாள் அந்த அம்மாள். சேதி பள்ளிபாளையம் போக அதற்குமேல் என்ன வேண்டும்?

இதற்கிடையில் ஒரு மழைநாளில் சட்டை நனைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நைட்டியோடு பயந்து பயந்து உள்ளே போனாள். ஒரு கோழிகூட மிரளவில்லை. அவள் குரல் அதுகளுக்குப் பழகியிருந்தது. மறுநாள் சட்டை காய்ந்தது. எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். காலையில் குளிராக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரமே குமரகுரு வந்தான், புத்தம்புது வெள்ளைச் சட்டையில். வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் அவசரமாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவன் பார்த்துவிட்டான்.

"அதுக நல்லா இருக்குதா?" என்று கேட்டபடி, பழைய உரிமையில் ஷெட்டுக்குள் நுழைந்தான். ஷெட்டே அலறியது. தலையில் ஒரு இறகோடு வெளியே ஓடி வந்தான். ஸ்ரீதேவி உள்ளே போய், "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்றாள். அலறல் அடங்கியது.

அவன் வாசலிலேயே நின்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"கோழிக்காகத்தான் சட்டை போட்டிருக்கறேன்னு சொன்னயாமா?"

"ஆமாங்க."

"இப்ப நீ சட்டை போடாமப் போயும் அதுக சும்மாதானே இருக்குது?"

அவளுக்கு முகம் சிவந்தது.

"கோழி சீக்கிரம் பழகிக்குதுங்க."

அவளே சட்டையை எடுத்து, மடித்து, அவன் கையில் கொடுத்தாள். வண்டி ரோட்டைத் தொட்டதும் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

மறுநாள் உண்மையாகவே குளிர். பூப்போட்ட நைட்டியோடு உள்ளே போனாள். முதல் கூண்டுக் கோழி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தீவனத்தில் மூக்கை விட்டது. ஸ்ரீதேவி கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு முட்டை பொறுக்க ஆரம்பித்தாள்.