முதல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர்

புதுக் காரின் எஞ்சின் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, பின்னிருக்கையில் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, வெறிச்சோடிக் கிடந்த சாலையில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனவன் நான்.

சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா? இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவா எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின?

என்னை வெறுக்காதீர்கள் என்று உங்களைக் கேட்கமாட்டேன். தாராளமாக வெறுக்கலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு வெறுங்கள். நான் செய்தது அது ஒன்று மட்டுமில்லை...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு ஒரு சிறிய லேத் பட்டறை இருந்தது. இயந்திரங்களில் பொருத்தும் பித்தளை புஷ்கள் கடைந்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஷெட் கஜேந்திரனுடையது. முலாம் பூசும் வேலை. மேனாம்பேட்டில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். நிலம் மனைகளாகப் போன பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவன். என் பெயர் ஜோசப். அவனுக்கு நான் மாமே. பத்து ஆண்டுகள் ஒரே டீக்கடையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக் கார்கள் ஒவ்வொன்றாக நம் ஊர்ச் சாலைகளில் இறங்கின. அதுவரை அம்பாசடரில் குலுங்கிக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்தது. ஆங்கிலக் கார்ப் பத்திரிகைகளை வாங்கி மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு வாதாடுவோம். நூறு கிலோமீட்டரைத் தொட எது எத்தனை வினாடி எடுக்கிறது? வளைவில் எது சாயாமல் போகிறது? ஜெர்மன் காரின் கதவு மூடும்போது வரும் சத்தம் பெரிதா, ஜப்பான் எஞ்சினின் மௌனம் பெரிதா? எத்தனை மதியங்கள் இதில் போயின! இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத இரண்டு பேர், ஏதோ பந்தய மைதானத்தில் பிறந்தவர்களைப் போல...

அவன் கறுப்பு நிற ஜெர்மன் காரை எடுத்தான். நான் மூன்று மாதம் கழித்து வெள்ளி நிறத்தில் ஜப்பான் கார் எடுத்தேன். எது உயர்ந்தது என்ற சண்டை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. புது வண்டியை எப்படிப் பழக்குவது என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது.

வண்டியோடு வந்த கையேடு, முதல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வரை எண்பதைத் தாண்டாதே என்றது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அறுபது போதும் என்றார். நான் ஐம்பத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். லேத்காரன் அல்லவா நான்! புது உலோகமும் புது உலோகமும் உரசிப் பழகும் காலத்தில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்ற திமிர் இருந்தது.

கஜேந்திரன் சிரிப்பான். "பொறந்த அன்னிலேர்ந்தே ஓட வுடணும் மாமே. தொட்டில்ல போட்டு ஆட்டிக்கினு இருந்தா வண்டி சோம்பேறியாப் பூடும்."

வாங்கிய முதல் வாரமே பெங்களூர் சாலையில் நூற்றுநாற்பதில் போய்விட்டு வந்தவன் அவன். "உன் எஞ்சின் ரெண்டே வருஷத்துல ஆயில் குடிக்கப்போவுது, பாரு" என்று நான் சொல்லியிருந்தேன். அது நடக்க வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். ஆம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், கிலோமீட்டர் சேர்ப்பதற்காகவே வண்டியை எடுப்பேன். ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி, அயனம்பாக்கம் ஏரி என்று ஒரு சுற்று. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். மனைவி ஸ்டெல்லா ஒருநாள், மாட்டுவண்டி நம்மை முந்திவிடும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என்னுடன் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டரில் அறுநூற்று நாற்பது ஓடியிருந்தது. மதியம் இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. கஜேந்திரனின் தாயார் கன்னியம்மா. அவருடைய கணவருக்கு மார்பு வலி, வேர்த்துக் கொட்டுகிறது என்றார். மகன் காலையிலேயே கறுப்புக் காரை எடுத்துக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் போயிருந்தான். நீண்ட சாலையில் ஓட்டிப் பார்க்கத்தான். தெருவில் ஆட்டோ ஏதும் இல்லை. சுவரில் எழுதியிருந்த என் எண்ணைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண் சுழற்றிக் கொடுத்திருக்கிறாள்.

நான் உடனே கிளம்பினேன். உடனே என்றா சொன்னேன்? இல்லை... வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகிவிட்டு, எஞ்சின் சூடாகட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தேன். தினமும் செய்வதுதான். பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் என் கண் கடிகாரத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே காத்திருந்தேன்.

என் வீடு ரயில் பாதைக்குத் தெற்கே. மேனாம்பேடு வடக்கே. நடுவில் கேட். போகும்போது கேட் திறந்திருந்தது. பெரியவரைத் தூக்கிவந்து பின்னிருக்கையில் கிடத்தினோம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் பிரித்திருக்கவில்லை. கன்னியம்மா அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டார். திரும்பி வரும்போதும் கேட் திறந்திருந்தது. இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அகலத் திறந்திருந்தது.

அங்கிருந்து அண்ணா நகர் ஆஸ்பத்திரி வரை ஞாயிற்றுக்கிழமைச் சாலை. எஸ்டேட்டுக்கு விடுமுறை. லாரி இல்லை, கூட்டம் இல்லை. அந்தக் காரை அப்படியொரு சாலையில் பறக்கவிடத்தானே பத்திரிகை பத்திரிகையாகப் படித்துத் தேர்ந்தெடுத்தேன்!

ஐம்பத்தைந்து.

ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் உடம்பின் கீழே பிளாஸ்டிக் நொறுநொறுத்தது. வேர்வையில் அவர் வழுக்கி வழுக்கிக் கீழே சரிய, கன்னியம்மா இழுத்து இழுத்து மேலே ஏற்றினார். பாடி பகுதியை நெருங்கும்போது கன்னியம்மா என் தோளைத் தொட்டார்.

"சோசப்பு, கொஞ்சம் அழுத்திப் போயேம்பா."

அழுத்தினேன். முள் ஏறியது. அறுபத்தைந்து... எழுபது... எஞ்சினின் குரல் மாறியது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. உள்ளே பிஸ்டன் ரிங்குகள் உரசுவது மனக்கண்ணில் தெரிந்தது. உருளையின் உட்சுவரில் கோடு விழுவது தெரிந்தது. நான் காலை எடுத்தேன்.

கால் தானாக எழுந்துகொண்டது என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சே! கால் தானாக எழுமா? எடுத்தது நான். கையேடுகூட எண்பது வரை அனுமதித்திருந்தது. அதையும் நான் அறிவேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பெரியவர் கண் திறந்திருந்தது. உள்ளே கொண்டுபோய்ச் சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்து கையை விரித்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். எல்லோரிடமும் சொல்வதுதானோ? இருக்கலாம். வேகமாகப் போயிருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டாரோ? அதுவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் காலைப் பற்றி மட்டும்தான்.

மாலையில் கஜேந்திரன் வந்துசேர்ந்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தலையிலடித்துக்கொண்டு அழுதான். தான் ஊரில் இருந்திருந்தால் பத்தே நிமிடத்தில் பறந்துவந்திருப்பேன் என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். அம்மா இரண்டு மணிக்கே போன் செய்திருக்கிறார், ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டே முக்கால் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டான். அவன் குரலில் சந்தேகம் இல்லை. வெறும் கேள்விதான்.

"கேட் போட்டுட்டான்டா. இருபது நிமிஷம் நின்னுட்டோம்" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அத்துடன் போயிருந்தால் அது ஒரு பொய். ஆயிரம் பொய்களில் ஒன்று. ஆனால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு கஜேந்திரன் சும்மா இருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். கேட் காப்பாளர் நாற்பது வயதிருக்கும் ஒல்லியான மனிதர். ஞாயிறு அந்த நேரத்தில் ரயிலே இல்லை, கேட்டை மூடவே இல்லை, வேண்டுமானால் நோட்டைப் பாருங்கள் என்று காட்டினார். நோட்டில் நீ எதை வேண்டுமானாலும் எழுதுவாய் என்று கஜேந்திரன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"நீ சொல்லு மாமே. மூடியிருந்துதா, இல்லியா?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது.

"மூடித்தான் இருந்துச்சு" என்றேன்.

கஜேந்திரன் அறைந்தான். அவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். அறைந்தவனைப் பார்க்கவில்லை. அடுத்து மனுக்கள் பறந்தன. சில மாதங்களில் அந்தக் கேட்டில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். முன்னவர் எங்கே போனார், என்ன ஆனார்... நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் துணிவில்லை.

கஜேந்திரன் கறுப்புக் காரை விற்றுவிட்டான். அப்பாவின் உயிர் போனபோது தான் உல்லாசமாக ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அது என்று, அதைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. கேட்டுக்குப் பதிலாக மேம்பாலம் வேண்டும் என்று ஒரு குழு தொடங்கினான். கையெழுத்து இயக்கம், துண்டறிக்கை, உண்ணாவிரதம். எல்லாவற்றிலும் கண்கண்ட சாட்சி யார்? நான்! என் இருபது நிமிடம் ஒரு துண்டறிக்கையில் இருபத்தைந்து ஆனது, அடுத்ததில் அரைமணி நேரமானது. ஒவ்வொரு கூட்டத்திலும் என்னை மேடையேற்றினான். வேலை இருக்கிறது என்பேன், உடம்பு சரியில்லை என்பேன். விடமாட்டான். வீட்டுக்கே வந்து அழைத்துப்போவான். ஒரு பொய்க்கு இத்தனை உழைப்பா என்று சில சமயம் அவன்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. பாருங்கள் என் யோக்கியதையை!

கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எந்தப் பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் காரோ இன்றும் ஓடுகிறது. ஐந்து ஆண்டுகளாக, ஒரு சொட்டு ஆயில் குடிக்காமல், ஒரு முனகல் இல்லாமல். ஒவ்வொரு சர்வீஸின்போதும் மெக்கானிக் பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எஞ்சின் தங்கம் சார். ஆரம்பத்துல நல்லாப் பழக்கியிருக்கீங்க" என்பார். அவர் கையிலிருக்கும் ஸ்பானரைப் பிடுங்கி அந்த எஞ்சினையே உடைத்துவிடலாமா என்றிருக்கும்.

சென்ற மாதம் கன்னியம்மாவுக்குக் கண் பரிசோதனை. கஜேந்திரனுக்கு எங்கோ மனு கொடுக்க வேண்டியிருந்ததால் என்னை அழைத்துப்போகச் சொன்னான். அவர் பின்னிருக்கையில் ஏறினார். அதே சாலை. இந்தப் பேச்சற்ற பயணம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நான் மிதித்துக்கொண்டே போனேன். முள் தொண்ணூறில் இருந்தது.

"இப்ப நல்லா ஓடுது" என்றார் கன்னியம்மா.

நான் காலை எடுத்தேன்.

"கேட்டு அன்னிக்குத் தொறந்துதான் இருந்துது. எனக்குத் தெரியும்" என்றார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வண்டியை ஓரம் கட்டினேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"சொன்னா அவன் உன்ன வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போவான். அவரும் பூட்டாரு, இவனும் பூட்டா எனக்கு யாரு கீறாங்க?" இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கோசரம் இல்ல சோசப்பு. எம்புள்ளைக்கோசரம். நீயும் அவன்கிட்ட சொல்லிப்புடாத. வண்டிய எடு."

எடுத்தேன். வேறென்ன செய்ய? அவனிடம் உண்மையைச் சொல்லி அவன் காலில் விழலாம் என்று ஒரு வழி எனக்கு எப்போதும் இருப்பதாக நினைத்திருந்தேன். கோழை அதைத் தள்ளிப்போடுகிறான், அவ்வளவுதான் என்று ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வழியை அவர் அடைத்துவிட்டார். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். நீங்கள் என்ன செய்துவிட முடியும்? ஒன்றுமில்லை. தெரிந்தேதான் வந்தேன்.

போன ஞாயிறு மாலை குழுவின் கூட்டம். கஜேந்திரன் என் தோளில் கைபோட்டு மைக்கின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். "எங்க நைனாவக் காப்பாத்த ஓடுன மனுசன் இவருதான்" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. முதல் வரிசையில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு மதியம் கேட் மூடியிருந்துச்சு" என்று தொடங்கினேன். அந்தப் பொய் முழுவதையும் சொன்னேன். முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

மகன் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னியம்மாவும் தட்டினார்.