முடியையும் சேர்த்து அளந்துவிட்டேன்

என் ஹாம்ஸ்டர் எலி லட்டுவைத் தூக்கிக்கொண்டு, இன்று அவனுக்குக் கூண்டு வாங்க வேங்கிக்காலில் உள்ள செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன்.

நான் எடுத்ததைப் பார்த்துக் கடைக்கார அக்கா தடுத்தார். "அது லவ் பேர்ட்ஸ் கூண்டுங்க தம்பி. கம்பி சந்து ஜாஸ்தி, ஓடிடும்."

"நான் மெக்கானிக்கல் இன்ஜினியர்க்கா. வெர்னியர் காலிப்பர் வச்சி அளந்துட்டேன். இவன் சந்தைவிட டபுள் அகலம்."

"எத அளந்தீங்க? உடம்பையா, முடியையா?"

வாதம் எதற்கு என்று லட்டுவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

மூன்றே நொடியில் வெளியே வந்தான். அடுத்த நொடி தினை மூட்டைக்குள் காணாமல் போனான்!

மூட்டையையே கொட்டித் தேடினோம். இரண்டு கன்னமும் உப்பக் கிடைத்தான். அக்கா சிரித்ததில் எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போது கண்ணாடித் தொட்டியில், மரத்தூளில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான். மேலே மூடும் வலையை அக்காவே கண்ணாலேயே அளந்து எடுத்துக் கொடுத்தார்.

நல்ல வெர்னியர் ஒன்று சும்மா கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமா?