பேனரைக் கழற்றிய பிறகு வந்தவர்

(குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆண்டையும் தேதியையும் விட்டுவிட்டேன். நேரக் கணக்கு எழுதியே பழகிய எனக்கு அது சற்றுச் சிரமமான காரியம். மாதம், கிழமை, நேரம் மட்டும் என் நாட்குறிப்பில் உள்ளபடி.)

1. நாற்பது நாற்காலி

ஐப்பசி, இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. மண்ணூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டுவிட்டுக் காத்திருந்தோம். பதினொன்றரை வரை ஒருவர்கூட வரவில்லை.

அதுதான் என் முதல் முகாம். அதற்கு முன் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். பஞ்ச் கார்டு, ஷிப்ட் சார்ட், பஸ் ரூட் என்று பணிக்காலம் முழுவதும் ஓடியது. ஓய்வு பெற்ற பின் ஒரகடம் சாலையில் உள்ள சிறிய உதவி மையம் ஒன்றில் சேர்ந்தேன். பேச்சு வராத, காது கேளாத, நடக்கச் சிரமப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, தேவைப்பட்டால் கூடவும் போவது அங்கே வேலை. மையத்தின் பொறுப்பாளர் ஸ்டெல்லா, குன்றத்தூர்க்காரர், முன்பு நர்ஸாக இருந்தவர்.

முகாமுக்குப் பேனர் அடித்தது நான். பத்தடி நீளம். "காது கேளாத, வாய் பேசாத, வளர்ச்சி குறைந்த குழந்தைகளின் பெற்றோருக்கான விழிப்புணர்வு முகாம்." சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் படிக்க முடிய வேண்டும் என்று எழுத்தின் அளவைக்கூட நானே குறித்துக் கொடுத்திருந்தேன். படிக்கத்தான் செய்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள் எதிர்ப்பக்கத்திலேயே நின்று படித்துவிட்டு, பால் வாங்க வந்தவர்கள் போலத் திரும்பிப் போனார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தின் பின்வாசலில் ஒரு குரல்.

"பேனர எடுத்துட்டீங்களா சார்? இப்ப உள்ள வர்லாமா?"

ரேவதி. இடுப்பில் மூன்றரை வயது மகள் யாழினி.

"முன்னாடியே வந்திருக்கலாமேம்மா?" என்றேன்.

"எப்டி சார் வர்றது? ரோட்ல கீற அத்தினி பேரும் எங்க தெரு ஆளுங்க. அந்த போர்டுக்குக் கீழ பூந்து வந்தேன்னா, சாயந்தரத்துக்குள்ள எம்பொண்ணுக்கு வேற பேரு வச்சிடுவாங்க."

ஸ்டெல்லா குழந்தையிடம் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினார். யாழினி திரும்பவில்லை. மீண்டும் பலமாகத் தட்டினார். பொம்மையின் கண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"உடனே டெஸ்ட் எடுக்கணும்மா. காது கேக்காமப் போற ஒவ்வொரு மாசமும் பேச்சு தள்ளிப்போவும்."

"எனுக்குத் தெரியுது மேடம். அவங்க அப்பாதான் நம்ப மாட்டன்றாரு. பஸ் வந்தா எல்லாருக்கும் முன்னாடி திரும்பிப் பாக்குறா, அவளுக்கா காது கேக்கலன்றாரு. அவரு இல்லாம நா இட்டுனு போனேன்னா வூட்ல பெரிய சண்டையாயிடும்."

2. பதினைந்து நிமிடம்

ரேவதி ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறார். கணவர் டில்லிபாபு வேறொரு கம்பெனியில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் எதிரெதிர் ஷிப்ட்டாகக் கேட்டு வாங்கியிருந்தார்கள். டில்லியின் பஸ் மதியம் இரண்டரைக்கு வரும். ரேவதியின் பஸ் இரண்டே முக்காலுக்கு. வார விடுமுறையும் வேறு வேறு நாள். வேலை நாட்களில், விழித்திருக்கும்போது இருவரும் ஒன்றாக நிற்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான். பஸ் ஸ்டாப்பில் குழந்தை கை மாறும்.

ஷிப்ட் கணக்கு எனக்குக் கை வந்த கலை. அடுத்த புதன்கிழமை இரண்டு இருபதுக்கே போய் நின்றேன். கழுத்தில் மையத்தின் அடையாள அட்டை, கையில் ஃபைல். அன்று தாமதமாக வந்த பஸ்ஸிலிருந்து டில்லி இறங்கியதும் நேராகப் போய்ச் சொன்னேன்: "உங்க பொண்ணுக்குக் காது டெஸ்ட் எடுக்கணும் தம்பி."

அவரோடு இறங்கிய ஏழெட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் சிரித்தார். பெயர் குமார் என்று பிறகு தெரிந்தது.

"இன்னா டில்லி, பாப்பாவுக்குக் காது டமாரமா? சொல்லவே இல்ல?"

டில்லியின் முகம் மாறிவிட்டது. "யோவ் பெர்சு, யார்யா நீ? எம்பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. தோ, நீயே பாரு."

யாழினி செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்கடை மேல் போட்ட சிமெண்ட் ஸ்லாப்பில் நின்றுகொண்டிருந்தாள். ரேவதியின் பஸ் வளைவில் தலைகாட்டும் முன்பே அந்தப் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? கெளம்பு."

ரேவதி என்னைப் பார்க்காமல் பஸ் ஏறினார்.

மையத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். ஸ்டெல்லா என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "பேனரச் சுருட்டி உள்ள வச்சிட்டு, நீங்களே பேனராப் போய் நின்னுட்டு வந்திருக்கீங்களே சார்" என்றார்.

அதன்பின் ரேவதி போனை எடுக்கவில்லை. என் அவசரத்தால் அந்தக் குழந்தைக்கு ஒரு மாதம் போனது. நாட்குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறேன்.

3. ஸ்லாப்

கார்த்திகை, மூன்றாவது புதன். அதே பஸ் ஸ்டாப். அட்டை இல்லை, ஃபைல் இல்லை. மற்றவர்கள் கலைந்து போகும்வரை பொறுத்திருந்து டில்லியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு நாலு பேர் முன்னாடி பேசினது என் தப்பு தம்பி. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"வுடு சார்" என்றார் டில்லி.

ரேவதியின் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது; அவர் மகளோடு ஸ்லாப் பக்கம் நின்றிருந்தார். சும்மா நிற்கச் சங்கடமாக இருந்ததால் எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டேன்.

"பிரஸ் ஷாப் சார். இரும்புத் தகடு அடிக்கிற மிஷினு."

"எங்க கம்பெனியில டைம் ஆபீஸே பிரஸ் ஷாப்புக்குப் பக்கத்துலதான். டேபிள்ல டீ கிளாஸ் நிக்காது. உங்களுக்கு வருஷா வருஷம் காது டெஸ்ட் உண்டே?"

"ஆமா சார். ஹெட்போன மாட்டி வுட்டு, பீப் வந்தா விரலத் தூக்குன்னுவாங்க. நம்ம குமார் போன தபா ஏசி ரூமு சொகத்துல தூங்கியே பூட்டான்." முதல் முறையாகச் சிரித்தார்.

"காதுல பிளக் போடுவீங்களா?"

"போடலன்னா சூப்பர்வைசர் உள்ளயே வுட மாட்டான்."

"பிளக்க மாட்டிக்கிட்டா, பிரஸ் எறங்கறது எப்படித் தெரியும்?"

திட்டம் போட்டுக் கேட்ட கேள்வி அல்ல. பேச்சை வளர்க்கத்தான் கேட்டேன்.

"அது கால்லயே தெரியும் சார். தரை அப்டியே அதிர்ந்து..."

அத்தோடு நிறுத்திவிட்டார். ஸ்லாப்பைப் பார்த்தார். அதன் மேல் யாழினி வெறுங்காலோடு நின்றிருந்தாள். செருப்பு ஓரமாகக் கிடந்தது. பஸ் இன்னும் கண்ணில் படவில்லை. அவள் வளைவுப் பக்கம் திரும்பினாள்.

டில்லி போய் அவளைத் தூக்கினார். சாலைக்கு அவள் முதுகு காட்டும்படி தோளில் சாய்த்துக்கொண்டார். பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். யாழினி அப்பாவின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். இன்னொரு ஹாரன். பித்தானை விடவில்லை.

"பஸ் வந்துடிச்சுங்க" என்றார் ரேவதி, கையில் டிபன் பையோடு.

டில்லி மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு லீவு போடு. நானும் போட்டுர்றேன்."

4. ஹாரன்

மறுநாள் இருவரும் சேர்ந்து அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். நானும் ஸ்டெல்லாவும் கூடப் போனோம். பிறகு ஒரு நாள் குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு; ஆனால் கருவி வைத்தால் பலன் இருக்கும் என்றார் டாக்டர்.

மாசி, முதல் வியாழன். இரண்டே முக்கால். கருவி பொருத்தி மூன்றாம் நாள். யாழினி டில்லியின் தோளில் இருந்தாள். பஸ் வந்து ஹாரன் அடித்ததும் உடம்பு தூக்கிவாரிப்போட, கருவியோடு காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதாள்.

"பயந்துட்டா சார்! சத்தத்துக்குப் பயந்துட்டா!" என்று டில்லி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரேவதி பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். டிரைவர் இரண்டாவது முறை ஹாரன் அடிக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். உள்ளே வருகிறவர் எதற்காக வருகிறார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியும்படி எதையும் எழுதாதீர்கள். இப்போது எங்கள் பேனரில் "எல்லாக் குழந்தைகளுக்கும் கண், காது பரிசோதனை" என்று மட்டுமே இருக்கிறது. நாற்காலி போதவில்லை. இரண்டாவது, குடும்பத்திடம் சொல்ல வேண்டியதை நாலு பேர் விலகும்வரை காத்திருந்து சொல்லுங்கள்.

இதை எனக்கு உறுதியாக்கியவர் குமார். அந்த மாசி வியாழனன்று பஸ் போனதும் மற்றவர்கள் கலையும்வரை செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்தார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சார், எங்க அண்ணன் பையன் ஒருத்தன் கீறான். நாலு வயசாவுது. எங்க இட்டாரணும்?"

நானும் அதே அளவு தணிந்த குரலில் வழி சொன்னேன்.