கண்டியிலிருந்து வந்த இறப்புச் சான்று

அந்த ஆபீசை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தா. வெற்றிலை துப்பிச் சிவந்த படிக்கட்டு, கரையான் அரித்த பதிவேடுகள் எல்லாம் பழகிவிட்டன. நாங்கள் ஆட்களை நடத்திய விதத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

பக்கத்து ஆத்தூரிலிருந்து ஒரு அம்மா வருவார். நாற்பது வயதிருக்கும். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன கணவர் அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். ஊரில் அவர் பெயரிலிருந்த ஒன்றரை ஏக்கரைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இலங்கையிலிருந்து வந்த இறப்புச் சான்று கையில் இருந்தது. முழுக்கச் சிங்களம்.

ஹெட்கிளார்க் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, ஜிலேபியப் புழிஞ்சு வச்ச மாதிரி இருக்கு. இத வச்சு நாங்க என்னத்தச் செய்ய? இங்கிலீஷ்ல வாங்கிட்டு வா."

அந்த அம்மா யாரையோ பிடித்து இலங்கைப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். நீங்கள்தான் மனைவி என்று இந்திய அதிகாரி சான்று கொடுத்தால் ஆங்கில நகல் தருகிறோம் என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஆங்கிலத்தில் இறப்புச் சான்று இல்லாமல் மனைவி, வாரிசு என்று எதுவும் எழுதித் தர முடியாது என்றோம். மூன்று முறை திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறை அதைச் சொன்னவன் நான்.

"அங்கிட்டுக் கேட்டா இங்கிட்டு வாங்கிட்டு வாங்கிறாக. இங்கிட்டு வந்தா அங்கிட்டுப் போகச் சொல்றீக. நான் எங்கிட்டுத்தான் போக, அய்யா?"

"ரூல்ஸ் அப்படிம்மா" என்றேன், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்று மத்தியானம் வடையைக் கடித்தபடி ஹெட்கிளார்க் சொன்னார்: "புருசன் செத்தானோ, அங்க வேற ஒருத்திய வச்சிக்கிட்டானோ, யாரு கண்டா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் உதட்டில் எண்ணெய் மினுங்கியது. என் சிரிப்புச் சத்தம் என் காதிலேயே விழுந்தது. வெளியே போய் வாயிலிருந்த வடையைத் துப்பினேன்.

மறுநாள் ஆத்தூர் கிராமக் கணக்குப் பார்க்கும் கர்ணத்திடம் இவர்தான் மனைவி என்று எழுதி வாங்கி, அந்த இலங்கைப் பதிவாளர் ஆபீசுக்கு நேராக ஒரு கடிதம் தயாரித்தேன். வெளிநாட்டுக்கு எழுதுவதென்றால் கலெக்டர், சென்னை, டெல்லி என்று ஏறித்தான் போக வேண்டும். அப்படி ஏறிப்போன காகிதம் எதுவும் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துக்குப் போகும் கட்டின் நடுவில் அதைச் செருகினேன். தாசில்தார் எதையும் படிப்பதில்லை. கையெழுத்தாகி வந்தது.

இரண்டு மாதத்தில் முத்திரையுடன் ஆங்கில நகல் வந்தது. கூடவே தமிழில் ஒரு துண்டுச் சீட்டு. அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா எழுதியிருந்தார்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்காக ஒரு தோட்டத் தொழிலாளி தன் தகப்பனின் பிறப்புப் பதிவைத் தேடுகிறார், உங்கள் தாலுகாதான், எத்தனை முறை எழுதியும் பதில் இல்லை. பதிவேட்டைத் தூசி தட்டினேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அதன்பின் முகம் பார்க்காத நாங்கள் இருவரும் சேர்ந்து ஏழெட்டுப் பேருடைய காகிதங்களைக் கடல் தாண்ட வைத்தோம். விஷயம் தெரிந்ததும் ஹெட்கிளார்க் எனக்கு மெமோ கொடுத்தார்.

பட்டா மாறிய அன்று அந்த அம்மா ஒரு கூடை அவரைக்காயுடன் வந்தார். மெமோ கொடுத்த அதே மனிதர் எழுந்து வந்து, "நம்ம ஆபீசு முயற்சி எடுத்ததாலதாம்மா நடந்துச்சு" என்று சொல்லிக் கூடையை வாங்கித் தன் மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

நான் அந்த அம்மாவுடன் வாசல்வரை போனேன். அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல்.

"ஏந்தம்பி, ஒரு கடுதாசிதானே? நான் மொத நாள் வந்தப்பவே எழுதியிருக்கலாம்ல?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.