எண்ணெய்த் தலைகளும் மின்சாரமும்

மின்சாரத்தின் வரலாற்றை நான் நடத்த வேண்டிய நாளில்தான் ஆவடியில் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்ட நான் தேடிப் பிடித்த வீடியோ வீணாய்ப் போனது.

அன்று தாளாளர் என் வகுப்பைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெள்ளானூர்ப் பக்கம் மனை விற்றுச் சம்பாதித்துவிட்டு, கல்விச் சேவைக்கு வந்தவர். அவருக்குப் பிடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வருடக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். பல்புக்கும் மோட்டாருக்கும் வெகுகாலம் முன்பே, கிரேக்க நாட்டில் அம்பர் என்ற பிசின் கட்டியைத் தேய்த்தார்கள், அதில் பதர் வந்து ஒட்டிக்கொண்டது, கதை அங்கே தொடங்குகிறது என்றேன். அம்பருக்கு நான் எங்கே போவது? ஒரு பையனின் பிளாஸ்டிக் சீப்பை வாங்கி, அவன் தலையிலேயே வாரி, காகிதத் துணுக்குகளிடம் நீட்டினேன். ஒன்றுகூட அசையவில்லை. அடுத்த தலை, அதற்கடுத்த தலை. ம்ஹூம்.

"இன்னா சார், இதுலயும் கரண்ட் கட்டா?" என்றான் அவன்.

காரணம் என் கையில் வழிந்தது. தாளாளர் வருகிறாரே என்று, எல்லோரும் எண்ணெய் வைத்துப் படிய வாரி வரும்படி தலைமையாசிரியை உத்தரவு போட்டிருந்தார். வகுப்பில் அத்தனை தலையும் வடைச்சட்டி மாதிரி மினுங்கியது. என் தலையிலோ, சீப்புக்கு வேலை போய்ப் பல வருடம்.

முன் பெஞ்சுச் சிறுமி கை தூக்கினாள். "சார், பெரிய சார் முடி நல்லா காஞ்சி கீது சார்."

தாளாளருக்குத் தன் முடி மேல் தனிப் பெருமை. சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து சொந்தச் சீப்பை எடுத்தார். நான்கு இழுப்பு இழுத்துக் காகிதத்திடம் நீட்டினார். துணுக்குகள் துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன. வகுப்பே கைதட்டியது.

அவருக்கு வாயெல்லாம் பல். "சரி, மின்சாரத்தக் கண்டுபுடிச்சது யாரு, சொல்லுங்க பாக்கலாம்?"

"நீங்கதான் சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். அவர் திருத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ என்னைப் பார்த்தார்.

"கரெக்ட்," என்றேன்.

"வாத்தியார் சூப்பரா நடத்துறாரு, பர்மனென்ட் பண்ணிடுங்க," என்று வாசலில் தலைமையாசிரியையிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. வெட்கமாக இருந்தது, சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

ஆண்டுத் தேர்வில் அந்தக் கேள்விக்கு வகுப்பே தாளாளரின் பெயரை எழுதியிருந்தது. எல்லோருக்கும் முழு மார்க் போட்டேன்.