காற்று நுழையாத துணி

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். பள்ளிப்பட்டுத் தறி வீடுகளில் நெய்த சேலைக் கட்டுகளைத் திருத்தணி ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. அதுவரை நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அவருக்கு முட்டி வீங்கிப் போயிருந்தது; வீட்டில் நாலு வார்த்தை பேச மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு சீட்டியடிக்கிற மனிதராகிவிட்டார். அந்தச் சீட்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

வண்டியில் ஒரு குறை. எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் ஏர் கிளீனரை முன்பே யாரோ கழற்றித் தொலைத்திருந்தார்கள். கே.ஜி.கண்டிகையில் பட்டறை வைத்திருந்த என் அக்கா புருஷனை நாங்கள் பாவா என்போம். புதுசு கிடைக்கிற வரைக்கும், காற்று நுழைகிற அந்த வாயில் ஒரு துணியைக் கட்டச் சொன்னார் அவர். இவரும் நைந்த வேட்டிக் கிழிசல் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினார். எனக்கு மானம் போயிற்று. நெசவுக்காரர் வண்டியில் கந்தலா? இரட்டை இழை போட்டு, இழை நெருங்கத் தறிப் பலகையை ஓங்கி ஓங்கி அடித்து, ஒரு முழத் துணி நெய்தேன். கஞ்சி போட்டு மொடமொடவென்று காயவைத்து, நானே கட்டியும் விட்டேன். ஓரத்தில் சிவப்புக் கரை வேறு.

அன்றைக்குப் பிடித்தது சனி. சமதரையில் வண்டி ஒழுங்காகப் போகும். பாரத்தோடு மேடு ஏறினால் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும். பட்டறைக்குப் போனால் பாவா முதல் காரியமாகத் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுக் கார்புரேட்டரைத் துடைப்பார். ஓட்டிப் பார்த்தால் குதிரையாகப் பாயும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மச்சினி நெய்த துணியாயிற்றே என்று பத்திரமாகக் கட்டி அனுப்புவார். மறுநாள் மேட்டில் மறுபடி நிற்கும். பிளக் மாற்றினார்கள், டாங்கைக் கழுவினார்கள். நான் சும்மா இருப்பேனா? பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றேன். இவருக்குக் கியர் போடத் தெரியவில்லை என்றேன். பாவாவுக்குத் தொழிலே தெரியாது என்று அக்காவிடமே சொன்னேன்.

இரண்டு தடவை சேலைக் கட்டு ரயிலைத் தவறவிட்டது. ஆடிக் கிருத்திகை முடிந்ததும் வண்டியை விற்றுவிட்டுத் தறிக்கே திரும்பப் போவதாக இவர் சொன்னார். சீட்டியும் நின்றுபோயிற்று.

விற்பதற்கு முன் ஒரு தடவை திருத்தணி முருகன் மலைக்குப் போய்வரலாமென்று அக்கா குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பாதி மலையில் வண்டி நின்றது. ரேடியேட்டர் கொதித்தது. சுடுகிற மூடியைத் திருகப் பாவா துணி கேட்டார். கண்ணெதிரே இருந்தது என் துணிதான்; வெடுக்கென்று அவிழ்த்துக் கொடுத்தேன். ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினால், ஒன்பது பேரையும் சுமந்துகொண்டு வண்டி உச்சிவரைக்கும் நிற்காமல் ஏறியது. எல்லாம் முருகன் செயல் என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாவா திருப்பிக் கொடுத்த துணி என் மடியிலேயே கிடந்தது. சந்தேகம் வந்து, வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம். காற்று அந்தப் பக்கம் போகவேயில்லை.

கீழே இறங்கியதும், எஞ்சினுக்கு மூச்சுமுட்டியது என் துணியால்தான் என்று எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டேன். பாவா வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு மாசம் முன்னியே எனுக்குத் தோணுச்சி," என்றார். "நீ ஆசையா நெய்ஞ்சி கட்னது. அதப் போயி அவுத்துடுன்னு எப்பிடி சொல்றது?"

"அதுக்குன்னு வண்டிய வித்துட்டுக் குழியில எறங்கப் பாத்தீங்களா?"

"ஆங்," என்றார், வேறு வழியே இல்லாதது போல.

கோயிலுக்கு வந்த கூட்டம் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

மறுவாரம் விரல் நுழைகிற இடைவெளி விட்டு ஒரு துணி நெய்தேன். என் வாழ்நாளில் நெய்ததிலேயே மட்டமான துணி அதுதான். இரண்டு மடிப்பாக அதைக் கட்டிக்கொண்டு, பாரத்தோடு அவர் கிளம்பினார். தெருக்கோடி மேட்டைத் தாண்டியும் சீட்டி கேட்டது. அன்று சாயந்திரம், அது எனக்குப் பிடிக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நினைத்த மாதிரியே தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.